11 மணி நேரம் தூங்கியும் களைப்பு தீரவில்லை: அட்ரினல் சோர்வுக்கு எவ்வளவு தூங்க வேண்டும்?

பனியன்நகரம்:

வணக்கம். எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் 14 வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை. பையர் எல்லாம் அமெரிக்கா. அவர்களுக்கு விடியும்போது நமக்குப் பொழுது சாய்ந்துவிடும், அதனால் சாம்பிள் ஓகே ஆச்சா, ஷிப்மெண்ட் எந்தத் தேதி என்று ராத்திரி 1 மணி வரை மெயிலும் போனுமாகவே ஓடியது. படுக்க 2 ஆகும். 6 மணிக்குப் பையனுக்கு டிபன் பாக்ஸ் கட்ட எழுந்தாக வேண்டும். இப்படி எத்தனை வருடம் போனது என்று நான் எண்ணவே இல்லை.

போன ஆடியில் கிறிஸ்துமஸ் ஆர்டர் நெருக்கத்தில் உடம்பு அப்படியே உட்கார்ந்துவிட்டது. கட்டிங் செக்‌ஷன் இரண்டாம் மாடியில். பாதிப் படியில் நெஞ்சு படபடத்து, கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவேன். மதியம் 3 மணிக்குக் கண் சொருகும், ராத்திரி 11 மணிக்கு நன்றாக முழித்துக்கொள்வேன். ஆன்லைனில் ஒரு ஆலோசகரைப் பிடித்தேன். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு குப்பிகளில் எச்சில் எடுத்து அனுப்பச் சொன்னார், பார்த்துவிட்டு மூன்றாம் கட்ட அட்ரினல் சோர்வு, அதாவது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது என்றார். இரவு 10 மணிக்குப் படுத்து காலை 9 வரை எழவே கூடாது, ஆறு மாதம் இப்படி இருந்தால் சுரப்பி தேறிவிடும் என்று சொல்லி, கூடவே மூன்று டப்பா மாத்திரையும் அனுப்பினார்.

சம்பளம் இல்லாத லீவு போட்டு இன்றோடு ஏழு வாரம். தினமும் 11 மணி நேரம் படுக்கையில் கிடக்கிறேன். எழும்போது அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. படுத்ததும் கால் குடைச்சல் வேறு, யாராவது மிதித்துவிட்டால் தேவலை என்று தோன்றும். சில நாள் ஒரு சளி மாத்திரையைப் போட்டுத்தான் கண் மூடுகிறேன். பகலில் வேலை ஓடுவதில்லை, அரிசி புடைக்கும்போது பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டே உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் நாள். வீட்டில் யாரும் எதுவும் சொல்வதில்லை, ஆனால் 9 மணிக்குக் கதவைத் திறந்து வெளியே வரும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இதிலிருந்து மீண்டவர்கள் சொல்லுங்க. நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? 11 போதாதா, 12 வேண்டுமா? எத்தனை மாதம் ஆகும்?

-----

கடல்தாண்டியவள்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருடம் ராத்திரியில் மூன்று தடவை, நான்கு தடவை எழுந்து பார்த்துக்கொண்டவள் நான். அம்மா போன பிறகு எனக்கும் நீங்கள் சொல்கிற அதே நிலை. இங்கே ஒருத்தர் அட்ரினல் சோர்வு என்றுதான் சொன்னார். அந்தப் பெயர் சரியா தவறா என்று சண்டை போட நான் வரவில்லை, தூங்கினேன், தேறினேன், அது மட்டும் எனக்குத் தெரியும்.

முதல் மூன்று வாரம் 10 மணி நேரம் வரை தூங்கினேன். அப்புறம் உடம்பே 9-க்கு இறங்கியது, மூன்றாவது மாதம் எட்டரையில் நின்றது, இன்று வரை அதுதான். உங்கள் விஷயத்தில் எனக்கு இடிப்பது ஒன்று. எனக்கு முதல் பத்து நாளிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிச்சல் தெரிந்தது. ஏழு வாரம் 11 மணி நேரம் தூங்கியும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அது வெறும் தூக்கக் கடன் மாதிரித் தெரியவில்லை. ரத்தம் பரிசோதித்தீர்களா? நான் எல்லாம் எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் குறையில்லை என்று தெரிந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

-----

மாடக்குளத்தான்:

தங்கச்சி, எனக்கு 57 வயது, மதுரை. அட்ரினல் நிஜமாகவே படுத்துப்போனால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது நடந்தது.

மூட்டு வலிக்கு ஒருத்தரிடம் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டேன். பேர் இல்லாத வெள்ளைத் தூள். ஒரு பொட்டலம் போட்டால் ஒரு மணி நேரத்தில் மாடிப்படி ஏறலாம், அவ்வளவு சுகம். இரண்டு வருடம் சாப்பிட்டேன். முகம் உப்பி, சர்க்கரை ஏறி, மகள் கத்தியதும் ஒரே நாளில் நிறுத்தினேன். நிறுத்திய ஐந்தாம் நாள் வாந்தி, தலைசுற்றல், குளியலறையில் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எழுந்து நின்றால் பிரஷர் 80-க்கு இறங்குகிறது. அந்தத் தூளில் இருந்தது ஸ்டீராய்டு, அட்ரினல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் மாதிரியே வேலை செய்கிற மருந்து. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் என் சுரப்பி தன் வேலையை விட்டுவிட்டது, திடீரென்று நிறுத்தியதும் உடம்பில் கார்டிசால் என்று ஒன்றுமே இல்லை.

காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் பார்த்தார்கள், டெசிலிட்டருக்கு 1.4 மைக்ரோகிராம். 3-க்குக் கீழே வந்தாலே சுரப்பி வேலை செய்யவில்லை என்பது ஏறக்குறைய உறுதி என்றார் டாக்டர். அப்புறம் ஊசி போட்டு அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடி ரத்தம் எடுக்கும் சோதனையும் செய்தார்கள், சினாக்தென் சோதனை என்று பெயர். கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுத்த மாத்திரை காலையில் 10 மில்லிகிராம், மதியம் 5, மாலை 4 மணிக்குள் இன்னொரு 5. நேரம் தாழ்த்திப் போட்டால் ராத்திரி தூக்கம் போய்விடும். 14 மாதம் ஆனது சுரப்பி திரும்ப எழுந்திருக்க.

நீ கேட்ட தூக்கக் கணக்குக்கு வருகிறேன். நானும் டாக்டரிடம் இதையேதான் கேட்டேன், நிறையத் தூங்கினால் சீக்கிரம் தேறுமா என்று. அவர் சொன்னது: தூக்கம் உனக்குத் தெம்பு தரும், ஆனால் சுரப்பியை எழுப்பாது, அதை எழுப்புவது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதும் காலமும்தான். நான் ராத்திரி 9 மணி நேரமும் மதியம் அரை மணி நேரமும் தூங்கினேன், அதற்கு மேல் படுக்கவில்லை.

உனக்கு இரண்டு கேள்வி. ஸ்டீராய்டு மாத்திரை, இன்ஹேலர், முகத்துக்கு வெள்ளையாக்கும் க்ரீம், பேர் தெரியாத பொடி, இதில் எதையாவது பல மாதம் பயன்படுத்தினாயா? உடம்பு இளைத்து, உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்திருக்கிறதா? இருந்தால் இந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருக்காதே, இன்றைக்கே கிளம்பு.

-----

மருந்துக்கடை25:

25 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், பி.ஃபார்ம். மாடக்குளத்தான் அண்ணன் சொன்னது வேறு, ஆலோசகர் சொன்னது வேறு, இரண்டும் ஒன்று போலக் கேட்பதுதான் ஆபத்து.

அண்ணனுக்கு வந்தது அட்ரினல் பற்றாக்குறை. லண்டனில் தாமஸ் அடிசன் என்ற டாக்டர் 1855-லேயே சுரப்பி கெட்டுப்போவதால் வரும் நோயை எழுதி வைத்துவிட்டார், அந்தக் காலத்தில் காசநோய்தான் அதற்குப் பெரிய காரணம், நம் நாட்டில் இன்றும் அதை மறக்க முடியாது. அட்ரினல் சோர்வு என்ற பெயர் வந்தது 1998-ல், அமெரிக்காவில் ஜேம்ஸ் வில்சன் என்ற மாற்று மருத்துவர் வைத்தது. மன அழுத்தத்தால் சுரப்பி களைத்துப்போகிறது என்பது அவருடைய கருத்து. பிரேசிலைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்கள் 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அப்படி ஒரு நோய்க்கு ஆதாரமே இல்லை என்று 2016-ல் எழுதினார்கள். அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமும் அதையேதான் சொல்கிறது. நான்கு குப்பி எச்சிலை வைத்து சுரப்பி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. நள்ளிரவு எச்சில் கார்டிசால் சோதனை உண்மையில் உண்டு, ஆனால் அது கார்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயைக் கண்டுபிடிக்க.

சகோதரி, அதனால் உங்கள் களைப்பு பொய் என்று அர்த்தம் இல்லை. படியில் மூச்சு வாங்குவது உண்மை. பெயர்தான் தவறு, தவறான பெயரை வைத்துக்கொண்டு ஆறு மாதம் படுத்திருந்தால் சரியான நோய் அந்த ஆறு மாதமும் உள்ளேயே வளரும். எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

அந்த மூன்று டப்பாவையும் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அமெரிக்காவில் அட்ரினலுக்கு என்று விற்கும் 12 மாத்திரைகளைச் சோதித்து 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது, பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது, இத்தனைக்கும் லேபிளில் அதெல்லாம் இல்லை. உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அண்ணனின் பொட்டலக் கதையைப் படித்தீர்கள் அல்லவா, டாக்டரைக் கேட்காமல் நீங்களாகவும் சட்டென்று நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று, சளி மாத்திரை. தூக்கம் வரவைக்கும் பழைய வகை சளி மாத்திரைகள் கால் குடைச்சலைக் கூட்டும். கால் குடைகிறது என்று அதைப் போடுகிறீர்கள், அதனாலேயே கால் இன்னும் குடைகிறது.

-----

இரவுப்பணி:

அக்கா, நான் ஸ்டாஃப் நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவப் பிரிவில் பல வருடம். எல்லாரும் சுரப்பியைப் பற்றிப் பேசுகிறார்கள், நீங்கள் போகிற போக்கில் எழுதிய பச்சரிசியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

செக்கப்புக்கு வருகிற பெண்களிடம் நான் கேட்கிற கேள்வி, "அரிசி திங்கிறியா, சாம்பல் திங்கிறியா, மண் வாசனை பிடிக்குதா?" வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். ஒருத்தி முந்தானையில் அரிசியை முடிந்துகொண்டே வந்தாள், முடிச்சைத் தொட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 6.8. இரும்புச்சத்து தீர்ந்துபோனால் இப்படிக் கண்டதைத் தின்னத் தோன்றும். பச்சரிசி, படியில் மூச்சு, நெஞ்சு படபடப்பு, படுத்ததும் கால் குடைச்சல், இந்த நான்கும் ஒருத்தரிடம் ஒன்றாக இருந்தால் நான் முதலில் இரும்பைத்தான் சந்தேகப்படுவேன். இரும்பு குறைந்தால் கால் குடைச்சல் வரும் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை, வயசாச்சு, நின்று நின்று வேலை என்று விட்டுவிடுவார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நீங்களும் அந்த வயதில்தான் இருக்கிறீர்கள். மாதவிடாய் எப்படி? நாப்கின் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டி வருகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? பொதுவில் எழுத வேண்டாம், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

என்னென்ன பார்க்கச் சொல்லலாம் என்றால், முழு ரத்தப் பரிசோதனை, ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, பி12, அண்ணன் சொன்ன காலை 8 மணி கார்டிசாலையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசு அடங்கும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், ஃபெரிட்டின்தான் உடம்பு சேர்த்துவைத்த இரும்பின் இருப்பைக் காட்டும். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு அதையும் சொல்லுங்கள். எதிலும் மனசு ஒட்டாமல், அழுகை அழுகையாக வந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதுவும் இப்படித்தான் படுக்கையில் போட்டுவிடும்.

சரி, தூக்கம். வளர்ந்தவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2015-ல் சேர்ந்து சொன்னது. 9 மணி நேரத்துக்கு மேல் தூங்குவது இளவயதினருக்கும், தூக்கக் கடன் உள்ளவர்களுக்கும், நோயாளிகளுக்கும் சரிதான் என்றும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் பல வருடம் 4 மணி நேரம் தூங்கியவர், அதனால் கொஞ்ச நாள் 9 தூங்கினால் தப்பே இல்லை. யாருக்கும் கூச்சப்பட வேண்டாம். ஆனால் அந்த 9-ஐ ராத்திரிப் பக்கம் முன்னால் தள்ளிச் சேர்க்க வேண்டும், காலைப் பக்கம் இழுக்கக் கூடாது.

ஏன் என்றால், கார்டிசால் நள்ளிரவில் மிகக் குறைவாக இருக்கும், விடியலுக்கு முன்பே ஏற ஆரம்பிக்கும், எழுந்த அரை மணி முக்கால் மணியில் உச்சிக்குப் போகும். அந்த நேரத்தில் வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் மூளைக்குள் இருக்கும் கடிகாரத்துக்குக் காலை எது என்று தெரியும். இருட்டறையில் 9 மணி வரை கிடந்தால் அது குழம்பிப்போய் ராத்திரி 11 மணிக்கு உங்களை உற்சாகமாக உட்கார்த்தி வைக்கும். நான் இரவுப்பணி முடிந்து லீவு எடுக்கும் வாரங்களில் இதைப் பட்டுப் பட்டுத்தான் கற்றேன். முதல் லீவுகளில் மதியம் 1 மணி வரை தூங்கித் தள்ளுவேன், மூன்று நாளும் தலை பாரம்தான். இப்போது முதல் நாளே 7 மணிக்கு எழுந்துவிடுவேன், தூக்கம் எவ்வளவு போதாவிட்டாலும் சரி. மாடியில் துணி காயப்போடுவேன். மதியம் 1 மணிக்கு அலாரம் வைத்து 25 நிமிடம் படுப்பேன். 3 மணிக்கு மேல் படுப்பதும் இல்லை, காபியும் இல்லை. குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் படுக்கை 10, எழுவது 7. இரண்டு வாரம் பார்த்துவிட்டு உடம்பு தானாக 6 மணிக்கு முழித்தால் எழுந்துவிடுவேன். 12-க்குப் போகவே மாட்டேன்.

-----

பனியன்நகரம்:

படித்துவிட்டு அழுகை வந்துவிட்டது. மாதவிடாய் விஷயம் நீங்கள் சொன்னதை விட மோசம்ங்க. வயது 40 தாண்டினால் இப்படித்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அண்ணா, ஸ்டீராய்டு எதுவும் எடுத்ததில்லை, கை ரேகை கறுக்கவும் இல்லை. நாளைக் காலை 8 மணிக்கு லேபுக்குப் போகிறேன்.

-----

மாடக்குளத்தான்:

நல்லது தங்கச்சி. ரத்தம் கொடுக்கும்போது தனியாகப் போகாதே, யாரையாவது வண்டியில் கூட்டிப்போகச் சொல். ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுது, காத்திருப்பேன்.

-----

பனியன்நகரம் (12 நாள் கழித்து):

எல்லாருக்கும் கும்பிடு. ஹீமோகுளோபின் 8.1, ஃபெரிட்டின் 5, இரண்டுமே ரொம்பக் குறைவு. தைராய்டு சரி, சர்க்கரை சரி, பி12 கொஞ்சம் குறைவு. காலை கார்டிசால் 16.2, சுரப்பிக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். மகப்பேறு டாக்டர் ஸ்கேன் பார்த்ததில் கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி, ரத்தப்போக்குக்கு அதுதான் காரணமாம். மாத்திரை ஆரம்பித்திருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். மூன்று டப்பாவும் டாக்டர் மேசையிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன், நிறுத்தலாம் என்று அவரே சொன்னார். இரும்பு மாத்திரை ஒன்றுவிட்டு ஒரு நாள், அப்படிப் போட்டால் உடம்பு நன்றாக ஏற்கும் என்றார்.

தூக்கம் 10 முதல் 7 வரை. முதல் நான்கு நாள் 7 மணிக்கு எழுவது நரகமாக இருந்தது, வாசலில் கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தேன். ஒன்பதாம் நாள் அலாரத்துக்கு முன்னால் முழித்தேன். களைப்பு இன்னும் இருக்கிறது, ரத்தம் ஏற மாதங்கள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். சளி மாத்திரையை நிறுத்தியதும் கால் குடைச்சல் பாதி குறைந்தது. கம்பெனியில் பேசி, ராத்திரி மெயிலை இன்னொருவரும் நானுமாக மாற்றி மாற்றிப் பார்க்க ஏற்பாடு கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். காலையில் எழுந்ததும் டீ இல்லாமல் எனக்கு முடியாது. மாத்திரையை டீயோடு போடலாமா?

-----

இரவுப்பணி:

கூடவே கூடாது அக்கா. டீ இரும்பை உடம்பு எடுக்கவிடாது. எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, கூட அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீர், ஒன்றரை மணி நேரம் கழித்து டீ. வயிறு புரட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அரிசி டப்பாவை மேல் பரணில் வைத்துவிட்டீர்களா?

-----

பனியன்நகரம்:

வைக்கவில்லைங்க. ஆனால் நேற்று சோற்றுக்கு அரிசி அளந்து களைந்து போட்டுவிட்டு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, வாயில் ஒன்று கூடப் போடவில்லை.